குடை பிடித்த பெண்ணும் வெள்ளை உடைச் சிறுமியும்: சோரா ஓவியத் துண்டின் பழைய அச்சுப்படம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய அச்சுப்படம் தொங்குகிறது. ஆரஞ்சுக் குடை பிடித்தபடி ஒரு பெண், அவளை ஒட்டி முழு வெள்ளையில் ஒரு சிறுமி, காலடியில் புல்வெளி, பின்னால் மரங்கள். சிகாகோ புறநகர் ஒன்றில், ஒரு வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை விற்றார்கள். அங்கே 12 டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டது, இதே மாதிரிப் படம் வைத்திருக்கும் நண்பர்கள் போட்டோ அனுப்பிக் கேட்டது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது என்ன படம்? முழுசா இவ்வளவுதானா?

இல்லை. இது ஒரு பெரிய ஓவியத்தின் நடுவிலிருந்து எடுத்த துண்டு. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சோரா 1884-இல் தொடங்கி 1886-இல் முடித்த படம் அது. பாரிஸை ஒட்டி சேன் நதியில் இருக்கும் லா கிராந்த் ஜாத் என்ற தீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஊர் மக்கள் ஓய்வெடுக்கும் காட்சி. அசல் 207.5 செ.மீ. உயரம், 308.1 செ.மீ. அகலம். நம் ஊர் வீடுகளில் பல அறைகளின் சுவரே அதைத் தாங்காது. 1886 மே மாதம் பாரிஸில், கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் அப்படியே பிடிக்கப் பார்த்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய எட்டாவது கண்காட்சியில் முதன்முதலாக வைத்தார்கள். அவர்களுடைய கடைசிக் கண்காட்சியும் அதுதான். இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. ஃபிரெடெரிக் கிளே பார்ட்லெட் என்பவர் வாங்கி, காலமான தன் மனைவி ஹெலன் பர்ச் பார்ட்லெட்டின் நினைவாக 1926-இல் அங்கே கொடுத்தார்.

சோரா பிறந்தது 1859 டிசம்பரில், இறந்தது 1891 மார்ச்சில். முப்பத்தொரு வயது. இந்தப் படத்தை முடித்தபோது இருபத்தாறு.

அழகான முழுப் படம் இருக்கும்போது ஏன் ஒரு துண்டை மட்டும் அச்சடித்தார்கள்?

எனக்கும் முதலில் இது அநியாயமாகத்தான் பட்டது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்து மாட்டுகிற மாதிரி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

முழு ஓவியத்தை 90 செ.மீ. அகலத் தாளுக்குச் சுருக்கினால், அசலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஐம்பது பேரை ஒட்டிய கூட்டம், ஏழெட்டுப் படகுகள், நாய்கள், ஒரு குரங்கு, எல்லாம் சேர்ந்து தூரத்திலிருந்து பார்த்த திருவிழா மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசம், சோரா படத்தின் மேல் வைத்த சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் சுருங்கிச் சுருங்கி வெறும் சொரசொரப்பாக மாறிவிடும். துண்டாக எடுத்தால் உருவங்கள் பெரிதாக வரும், புள்ளியும் புள்ளியாகத் தெரியும்.

இன்னொரு காரணம் வியாபாரம். அசல் குறுக்குவாட்டில் நீண்ட படம். சோபாவுக்கு மேலே மாட்டலாம், அவ்வளவுதான். கதவுக்குப் பக்கத்திலோ, மாடிப்படித் திருப்பத்திலோ மாட்ட நெட்டுவாட்டுப் படம் வேண்டும். கடையில் ரெடியாகக் கிடைக்கும் பிரேம் அளவுக்குப் பொருந்தவும் வேண்டும். குடை பிடித்த பெண்ணும் சிறுமியும் நெட்டுவாட்டில் வெட்ட வாகாக நிற்கிறார்கள்.

துண்டு போடுவதைத் தப்பு என்று சொல்ல சோராவே இடம் தரவில்லை என்பதுதான் வேடிக்கை. இதற்கு அடுத்து அவர் வரைந்த 'மாடல்கள்' என்ற பெரிய ஓவியம் ஃபிலடெல்ஃபியாவில், பார்ன்ஸ் அறக்கட்டளையில் இருக்கிறது. அதில் ஓவியரின் அறைச் சுவரில் இந்த லா கிராந்த் ஜாத் படம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். முழுசாக இல்லை, வலது பக்கம் மட்டும். தன் படத்தை முதலில் துண்டாக்கிக் காட்டியவர் அவரேதான்.

என் படத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்களே?

அப்படியானால் உங்களுடையது வேறு துண்டு. வலது ஓரத்தில் நெடிய தொப்பி வைத்த ஆணும், பின்புறம் புடைத்த பாவாடை அணிந்த பெண்ணும் நிற்பார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் சின்னக் குரங்கு. அந்தக் காலப் பாரிஸ் பேச்சில் பெண் குரங்கைக் குறிக்கும் சொல்லை ஒழுக்கம் கெட்ட பெண்ணுக்கும் சொல்வார்கள் என்பதால், அவள் யார் என்று விமரிசகர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடது பக்கம் ஆற்றங்கரையில் தூண்டில் போடும் பெண்ணைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. பிரெஞ்சில் மீன் பிடிப்பதற்கும் பாவம் செய்வதற்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். சோரா எதையும் எழுதி வைக்கவில்லை, ஆகையால் நான் அதில் தலையிட மாட்டேன்.

இடது முன்புறத்தில் கையில்லாத சட்டை அணிந்து குழாய் புகைத்துக்கொண்டு சாய்ந்திருப்பவர் துண்டும் அடிக்கடி வரும். ஆனால் அச்சடித்தவர்களுக்கு அதிகம் பிடித்தது குரங்கு ஜோடியும் எங்கள் வீட்டு அம்மா மகளும்தான் என்று, நான் பார்த்த கடைகளை வைத்துச் சொல்லலாம்.

அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் படத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் பக்கவாட்டிலோ முதுகு காட்டியோ, சதுரங்கக் காய்கள் மாதிரி விறைப்பாக இருக்கிறார்கள். நேராக நம்மைப் பார்ப்பவள் அவள்தான். முழுப் படத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், கண்டுபிடித்ததும் ஒரு சின்னத் திடுக்கிடல் இருக்கும். துண்டில் அந்தத் திடுக்கிடல் போய்விடுகிறது. சுற்றி முகம் திருப்பிக்கொள்ள ஆளே இல்லாதபோது, போட்டோவுக்கு நிற்கும் குழந்தை மாதிரிதான் தெரிகிறாள்.

இம்ப்ரெஷனிஸமா, போஸ்ட்-இம்ப்ரெஷனிஸமா, பாயிண்டிலிஸமா? கடைக்காரர் ஒவ்வொன்று சொல்கிறார்.

மூன்றும் முழுத் தப்பு இல்லை. புள்ளி புள்ளியாக வைக்கும் முறைக்குப் பாயிண்டிலிஸம் என்று பேர் வைத்தது விமரிசகர்கள். நிறங்களைப் பிரித்து வைப்பதுதான் முக்கியம், புள்ளி வெறும் வழி என்பது சோரா கட்சி. ஃபெலிக்ஸ் ஃபெனியோன் என்ற விமரிசகர் 1886-இல் இவர்களை நியோ-இம்ப்ரெஷனிஸ்டுகள் என்றார். போஸ்ட்-இம்ப்ரெஷனிஸம் என்ற பேரை 1910-இல் லண்டனில் ராஜர் ஃபிரை தன் கண்காட்சிக்காக உண்டாக்கினார். அப்போது சோரா இறந்து பத்தொன்பது வருஷம். செசான், வான்கோ, கோகன், சோரா என்று ஒருவருக்கொருவர் ஒட்டாதவர்களை எல்லாம் ஒரு கூடையில் போட்ட பேர் அது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், புள்ளி புள்ளியாக இருக்கிறது. அப்படியானால் இது அசல் ஓவியமோ?

அதிகம் வரும் கேள்வி இது. பாவம், சிலர் மிகுந்த நம்பிக்கையோடு கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம்.

உங்கள் படத்தில் இரண்டு வகைப் புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று சோரா தூரிகையால் வைத்தது, அது படத்தில் உள்ள உருவம். மற்றொன்று அச்சு இயந்திரம் வைத்தது, அதுதான் தாளில் உள்ள மை. வெறும் கண்ணுக்குத் தெரிவது முதல் வகை. பத்து மடங்கு லென்ஸுக்குத் தெரிவது இரண்டாவது.

நான் என் படத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். குடையின் விளிம்பில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அரிசி அளவுதான் இருக்கும். லென்ஸைக் கிட்டே கொண்டு போனால் அந்த ஆரஞ்சு காணாமல் போய்விட்டது. அதன் இடத்தில் மஞ்சள் பொட்டுகள், அதன் மேல் ரோஸ் நிறப் பொட்டுகள், நடுநடுவே ஒன்றிரண்டு நீலம், இங்கொன்று அங்கொன்றாகக் கறுப்பு. எல்லாம் வரிசை தப்பாமல், சின்னச் சின்னப் பூ வட்டங்களாக. ஆரஞ்சு மை என்று ஒன்று அந்தத் தாளில் இல்லவே இல்லை. ஓரத்தில் ரோஸ் பொட்டுகள் ஒரு மயிரிழை விலகியிருந்தன. அச்சகத்தில் ரெஜிஸ்டர் விலகல் என்பார்களே, அது.

இதைப் பார்க்க சிகாகோ வர வேண்டியதில்லை. சிவகாசி காலண்டர் எதையாவது எடுத்து முருகன் முகத்தில் லென்ஸை வையுங்கள். அதே நாலு கலர், அதே பூ வட்டம். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு ஆகிய நாலு பிளேட்டுகளின் புள்ளி வரிசையை வேறு வேறு கோணத்தில் திருப்பி வைப்பதால் அந்தப் பூ வடிவம் வருகிறது. ஒரே கோணத்தில் வைத்தால் படம் முழுக்க அலை அலையாகக் கோலம் விழும். ஓரளவு நல்ல கலை அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசை, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறு புள்ளி.

இப்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. நிறங்களைத் தட்டில் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் கண்ணில் அவை கலக்கும், இன்னும் பிரகாசமாக இருக்கும் என்பது சோரா நம்பிய கொள்கை. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839-இல் வெளியிட்ட நிற வேறுபாட்டு விதி, அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879-இல் எழுதிய நிறவியல் நூல், இரண்டையும் அவர் உழைத்துப் படித்தவர். ஆனால் அவருடைய புள்ளிகள் அப்படிக் கலந்துவிட முடியாத அளவுக்குப் பெரியவை. சாதாரணத் தூரத்தில் நின்றால் அவை கலப்பதற்கும் பிரிவதற்கும் நடுவில் துடித்துக்கொண்டே இருக்கும். வெயில் மினுக்குவது மாதிரி. அந்தத் துடிப்புதான் படத்தின் உயிர்.

அச்சு இயந்திரமோ அவர் கொள்கையை அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றிவிட்டது. அதன் புள்ளி அவ்வளவு சின்னது, முழுசாகக் கலந்துவிடுகிறது. விளைவு, துடிப்பு போய்விட்டது. சோராவின் புள்ளி தன்னைப் பார்க்கச் சொல்கிறது, அச்சகப் புள்ளி தன்னைப் பார்க்காதே என்கிறது. ஒரே தாளில் இரண்டும் குடித்தனம் நடத்துகின்றன. புள்ளி வைத்து வரையாத ஓவியர்களின் அச்சுப்படத்தில் இந்தக் கூத்தைப் பார்க்க முடியாது. துண்டாகப் பெரிதாக்கிய படத்தில்தான் நன்றாகத் தெரியும் என்பதால், துண்டின் மேல் எனக்கிருந்த கோபமும் இதோடு போய்விட்டது.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். அசல் முழுக்கப் புள்ளி என்பது சரியல்ல. முதல் சுற்றில் நீண்ட, குறுக்கும் நெடுக்குமான தீற்றல்களால் வரைந்தார். 1885-86-இல் அதன் மேல் புள்ளிகளைப் போட்டார். ஓரத்தில் இருக்கும் நிறப் புள்ளிக் கரை அதற்கும் பிறகு, 1888-89 வாக்கில் சேர்த்தது. நல்ல துண்டு அச்சில் சிறுமியின் காலடிப் புல்லைப் பாருங்கள், அடியில் தீற்றல், மேலே புள்ளி என்று இரண்டு அடுக்கும் தெரியும்.

அப்படியானால் எல்லாம் ஆஃப்செட் அச்சுதானா?

பெரும்பாலும் ஆம். மேலே சொன்ன பூ வட்டம் தெரிந்தால் ஆஃப்செட், அதாவது நாலு மை பிளேட்டுகளை வைத்து இயந்திரத்தில் அடிக்கும் வழக்கமான அச்சு. வரிசையே இல்லாமல், நனைந்து வெடித்த தோல் மாதிரி நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் கொலோடைப். கண்ணாடித் தட்டில் ஜெலட்டின் பூசி அச்சடிக்கும் பழைய முறை அது, நிறத்துக்கு நிறம் தனித் தட்டு. உழைப்பு அதிகம், அழகும் அதிகம். உங்களுடையது அதுவானால் பத்திரமாக வையுங்கள். ஒழுங்கே இல்லாமல் தூவின மாதிரி மிக நுண்ணிய பொட்டுகள் இருந்தால் இன்க்ஜெட். அதைப் பழையது என்று விற்றால் வாங்காதீர்கள், என்ன பழுப்பேறிய பிரேமில் இருந்தாலும் சரி.

அட்டையில் ஒட்டி, மேலே தூரிகைத் தடம் போல வார்னிஷ் மேடு பள்ளம் உண்டாக்கிய படங்களும் நிறைய வந்தன. விரலால் தடவினால் பெயின்ட் மாதிரி இருக்கும். மேடு ஒரு பக்கம், படத்தில் உள்ள புள்ளி இன்னொரு பக்கம் என்று பொருந்தாமல் நிற்பதைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

எந்த வருஷத்துப் படம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரேமுக்குள் மறைந்திருக்கும் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பேர், படத்தின் பேர், அச்சான இடம், வெளியிட்டவர் விலாசம் எல்லாம் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும். 'டீடெய்ல்' என்றோ, பிரெஞ்சில் 'தேத்தாய்', ஜெர்மனில் 'அவுஸ்ஷ்னிட்', இத்தாலியனில் 'பார்ட்டிகொலாரே' என்றோ போட்டிருந்தால் துண்டு என்று அர்த்தம். எல்லா நிறுவனமும் இந்த நேர்மையைக் காட்டியதில்லை.

என் படத்தின் பின்புறம் காக்கித் தாள் ஒட்டி, சுற்றிலும் துருப்பிடித்த சின்ன ஆணிகள். தாளை உரித்து, ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக மடக்கி, படத்தை எடுத்தபோது கீழே விலாசம் கிடைத்தது. நியூயார்க் என்பதற்குப் பிறகு 16 என்ற எண். அந்த ஒரு எண் போதும். அமெரிக்காவில் பெரிய நகரங்களுக்கு இப்படி ஒன்றிரண்டு இலக்க வட்ட எண் வந்தது 1943-இல், ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது 1963-இல். ஆகவே இரண்டுக்கும் நடுவில் அச்சானது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஐந்து இலக்கம் இருந்தால் 1963-க்குப் பின். 'மேற்கு ஜெர்மனியில் அச்சிட்டது' என்றால் 1990-க்குள். பார்கோடு இருந்தால் இன்னும் புதுசு, இணைய முகவரி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சும் உதவும். இருட்டில் அடித்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வெள்ளைத் தாள்கள் பல நீல வெள்ளையாகப் பளிச்சிடும், வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால். மங்கலாகவே இருந்தால் பழைய தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படத்தில் சோரா கையெழுத்து இருக்கிறது. பென்சிலில் 125/500 என்றும் எழுதியிருக்கிறது.

அசலில் கையெழுத்து வலது கீழ் மூலையில் இருக்கிறது. நடுத் துண்டில் அது வர வழியே இல்லை. வந்திருந்தால் அச்சடித்தவர் கொண்டுவந்து ஒட்டியது. பென்சில் எண், 500 பிரதிகளில் இது 125-ஆவது என்று ஓவியரே குறிப்பது, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். 1891-இல் இறந்தவர் ஆஃப்செட் பிரிண்டுக்கு நம்பர் போட வரமாட்டார்.

சிகாகோவில் அசலைப் பார்த்தேன். என் பிரிண்டின் நிறம் அப்படி இல்லையே. எது சரி?

இரண்டும் சரியில்லை.

முதலில் உங்கள் பிரிண்ட். நாலு மைகளில் ரோஸும் மஞ்சளும் வெயிலுக்குச் சீக்கிரம் மங்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஜன்னலுக்கு எதிரே பல வருஷம் தொங்கிய படங்கள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கின்றன, சலூன்களில் பார்த்திருப்பீர்கள். என் படத்தில், பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மூடியிருந்த இரண்டு விரல் அகலத்தில் புல் இன்னும் மஞ்சள் கலந்த பச்சை. அட்டைக்கு வெளியே அதே புல் நீலப் பச்சை. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. அம்மாவின் குடையும் ஒரு காலத்தில் இன்னும் சிவந்து இருந்திருக்கும்.

இனி அசல். அதுவும் மாறிவிட்டது. இரண்டாம் சுற்றில் புள்ளிகள் வைத்தபோது சோரா துத்தநாக மஞ்சள் என்ற புது நிறமியைப் பயன்படுத்தினார். சக ஓவியர் பிஸ்ஸாரோ சிபாரிசு செய்தது என்பார்கள். வெயில் படும் புல்லில் பளிச்சென்ற மஞ்சள் புள்ளிகளாக அது இருந்தது. சில வருஷங்களிலேயே பழுப்பேறத் தொடங்கியது. 1892-லேயே ஃபெனியோன் இதை எழுதி வருத்தப்பட்டிருக்கிறார். மஞ்சள் புள்ளிகள் மண் நிறமாயின, பச்சைகள் ஆலிவ் நிறத்துக்குப் போயின, ஆரஞ்சுகள் மங்கின. வெயிலைக் காட்ட வைத்த புள்ளிகள் இப்போது புல்லில் விழுந்த சருகு மாதிரி இருக்கின்றன. 2004-இல் சிகாகோ கலைக்கூடம் இந்த ஓவியம் உருவான கதையை ஒரு கண்காட்சியாக வைத்தபோது, நிற விஞ்ஞானி ராய் பெர்ன்ஸ் பழைய நிறத்தைக் கணினியில் மீட்டுக் காட்டினார். அதன் படத்தைப் பார்த்தபோது கண் கூசியது.

சுருக்கமாக, பழுப்பேறிய ஓவியத்தைப் படம் பிடித்து, நாலு மையில் பிரித்து அடித்து, அந்த மையிலும் இரண்டு வெளுத்துப்போன ஒன்றுதான் நம் சுவரில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

விற்றால் என்ன கிடைக்கும்?

பிரேமுக்கு என்ன கிடைக்குமோ அதுதான். லட்சக்கணக்கில் அடித்த படம் அபூர்வம் ஆகாது. கொலோடைப் ஆனால், பேர்பெற்ற பதிப்பகத்தின் முழு ஓரத்தோடு இருந்தால், கொஞ்சம் கூடும். இணையத்தில் ஒருவர் 400 டாலர் போட்டிருக்கிறார் என்று அனுப்பாதீர்கள். போட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

பிரேமைத் திறந்து சுத்தம் செய்யலாமா?

திறக்கலாம், அவசரம் கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கண்ணாடி மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக அடித்தால் ஓரமாக வழிந்து தாளுக்குள் போய்விடும். படத்தின் மேல் ஈரத்துணி படவே கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

பழைய மவுண்ட் அட்டையின் வெட்டு ஓரம் பழுப்பாக இருந்தால் அதில் அமிலம் இருக்கிறது. அது தாளையும் எரித்து, படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு போடும். அமிலமில்லாத அட்டையாக மாற்றிவிடுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். அட்டையில் சூடு வைத்து ஒட்டியிருந்தாலும் அப்படியே விடுங்கள், உரிக்கப் போனால் அடுக்கு அடுக்காகக் கையோடு வரும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

பிரேம் கடையில் கொடுக்கிறீர்களா? ஓரத்தை வெட்டக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதச் சொல்லுங்கள். குரங்கு ஜோடிப் படம் ஒன்றை நான் ஒரு கடையில் கொடுத்தேன். பிரேமுக்கு அடங்கவில்லை என்று கீழே ஒரு அங்குலத்தைக் கத்தரித்துவிட்டார்கள். போனது வெறும் வெள்ளைத் தாள்தானே என்றார் கடைக்காரர். அந்த வெள்ளைத் தாளில்தான் விலாசம் இருந்தது. அந்தப் படம் எந்தக் காலத்தது என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

ஊருக்கு எடுத்துப் போனால் தாங்குமா?

சென்னையில் அக்கா வீட்டுக்கு ஒன்று அனுப்பினேன், தாங்குகிறது. எதிரிகள் இரண்டு: ஈரக்காற்று, இராமபாணப் பூச்சி. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். பிரேமின் பின் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். தாளில் காவிப் புள்ளிகள் வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை வேலை. சோராவின் புது நிறம் என்று என் அக்கா சொல்கிறாள்.

எனக்குப் பிடித்த துண்டை நானே வெட்டி அச்சடித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஓவியர் இறந்து 60 வருஷத்துக்குப் பின் இந்தியாவில் பதிப்புரிமை கிடையாது. சிகாகோ கலைக்கூடம் 2018 முதல் இது போன்ற ஓவியங்களின் பெரிய கோப்புகளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. வேண்டிய இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பின்னணியில் ஊதுகுழல் வாசிப்பவரையோ, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் செவிலியையோ தனிப் படமாக யாரும் விற்றதாக நான் பார்க்கவில்லை. செவிலி நல்ல தேர்வு: ஒரு சாம்பல் நிறக் கட்டி, நடுவில் தொங்கும் சிவப்பு ரிப்பன், அவ்வளவுதான் ஆள்.

அசல் எப்போதாவது வேறு ஊருக்கு வருமா?

வராது. 1958-இல் நியூயார்க் நவீன கலைக்கூடத்துக்குக் கடன் கொடுத்தார்கள். ஏப்ரல் 15 அன்று அங்கே தீப்பிடித்தது. மோனேயின் பெரிய அல்லிக்குளப் படம் எரிந்தே போனது. சோராவின் படம் தப்பித்து வீடு வந்து சேர்ந்தது. அதன் பின் அதை வெளியே அனுப்புவதில்லை. ஆனால் இதற்காக அவர் செய்த முன்னோட்டப் படங்களும் சித்திரங்களும் அறுபதை நெருங்கும், அவை பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரியது ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சிகாகோ வந்தால் முதலில் அறையின் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நில்லுங்கள். அப்புறம் மெதுவாக, சிறுமியை மட்டும் பார்த்துக்கொண்டு முன்னால் வாருங்கள். ஏதோ ஒரு அடியில் அவள் உடையின் வெள்ளை கலைந்து, நீலமும் ரோஸும் மஞ்சளுமாகப் பிரியும். அந்த இடத்தில் நின்று, ஒரு அடி பின்னால், ஒரு அடி முன்னால். காவலர் பார்ப்பார், பரவாயில்லை. தினமும் யாராவது ஒருவர் அங்கே அப்படித்தான் ஆடிக்கொண்டிருப்பார்.